மீண்டவர்கள் கூட்டிய மாநாடு: செரி கிங்ஸ்லியின் பணி, ஒரு நிகழ்வு ஆய்வு

1998 மார்ச்சில் கனடாவின் மேற்குக் கரையில் உள்ள விக்டோரியா நகரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் கூடினார்கள். கனடா, அமெரிக்கா, லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். எல்லோரும் சிறு வயதில் பாலியல் சுரண்டலுக்கு ஆளானவர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி அதிகாரிகளும் நிபுணர்களும் கூடிப் பேசிய மாநாடுகள் அதற்கு முன்பும் உண்டு. விக்டோரியாவில் அந்தப் பிள்ளைகளே பேசினார்கள். தீர்மானத்தையும் அவர்களே எழுதினார்கள்.

மாநாட்டுக்கு இரண்டு இணைத் தலைவர்கள். ஒருவர் லாண்டன் பியர்சன், அப்போது கனடா நாடாளுமன்ற மேலவை (செனட்) உறுப்பினர். 'குழந்தைகளின் செனட்டர்' என்று கனடாவில் அறியப்பட்டவர். இன்னொருவர் செரி கிங்ஸ்லி. பூர்வகுடிப் பெண், அப்போது இருபதுகளில் இருந்தார். பத்து வயதில் அரசின் குழந்தைப் பராமரிப்புக்குள் போனவர், 14 வயதில் பாலியல் தரகர்களின் கையில் சிக்கியவர், பல ஆண்டுகள் கழித்து வெளியே வந்தவர். இதையெல்லாம் அவரே பொது மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

கிங்ஸ்லியின் துயரத்தை விவரிப்பது இந்த ஆய்வின் நோக்கம் அல்ல. அவருடைய சொந்த வாழ்க்கையிலிருந்து எனக்குத் தேவையானவை மேலே சொன்ன சில வரிகள்தான். மீண்ட ஒருவர் மற்றப் பிள்ளைகளுக்கு உதவும் வேலைக்கு வந்தபோது என்ன நடந்தது, அந்த வேலை எதை மாற்றியது, எங்கே முட்டி நின்றது என்பதே கேள்வி. குழந்தைகள் நலத் துறையில் வேலை செய்கிற, செய்யப்போகிற நம் வாசகர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

பராமரிப்பிலிருந்து தெருவுக்கு

கிங்ஸ்லியின் பாதை அவருக்கு மட்டும் உரியது அல்ல. கனடாவில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 14 வயது வரையுள்ள பிள்ளைகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் 7.7 சதவீதம். ஆனால் வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகளில் அவர்கள் 53.8 சதவீதம். தனித்தனிக் குடும்பங்களின் குறையால் மட்டும் இந்த அளவு ஏற்றத்தாழ்வு வந்துவிடாது.

இதற்குப் பின்னால் நூறு ஆண்டுகளுக்கும் மேலான அரசுக் கொள்கை இருக்கிறது. 1,50,000-க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி விழுந்தது. பாலியல் கொடுமையும் பரவலாக நடந்தது. கடைசிப் பள்ளி மூடப்பட்டதே 1990-களில்தான். பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலத்தில் வேறொன்று தொடங்கியது. 1960-களிலிருந்து நலத் துறை அதிகாரிகள் பூர்வகுடி வீடுகளிலிருந்து பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் எடுத்து, வெள்ளையர் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்தார்கள். பெற்றோரிடம் வளராத ஒரு தலைமுறை தன் பிள்ளைகளை வளர்க்க வேண்டியிருந்தது. அவர்கள் தடுமாறியபோது அரசு மறுபடியும் பிள்ளைகளை எடுத்துக்கொண்டது.

சரி, பராமரிப்புக்குள் போன பிள்ளை தரகனிடம் எப்படிப் போய்ச் சேருகிறது? காரில் இழுத்துப்போட்டுக் கடத்துவது போன்ற காட்சி நம் மனதில் இருக்கிறது. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பிள்ளை ஒரு வளர்ப்பு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து இப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் சேர்ந்து தங்கும் குழு இல்லத்துக்கு என்று மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பள்ளி, ஒரு தோழி, நம்பிய ஒரு பெரியவர் கைவிட்டுப் போகிறார். குழு இல்லத்தில் ஏற்கெனவே சிக்கிய இன்னொரு பெண் இருப்பாள். அவளே அழைத்துப் போவாள். போகும் இடத்தில் ஒருவன் அன்பாகப் பேசுகிறான், உடை வாங்கித் தருகிறான், படுக்க இடம் தருகிறான். சில நாட்களில் அதெல்லாம் கடனாக மாறுகிறது. அப்புறம் ஊர் மாற்றம். வினிப்பெக், கால்கரி, எட்மன்டன், வான்கூவர் என்று நகரம் நகரமாக நகர்த்தினால் தெரிந்த முகம் எதுவும் மிஞ்சாது.

டிரேசியா ஓவன் என்ற சிறுமி 2005 ஆகஸ்டில் வினிப்பெக்கில் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். வயது 14. நகரத் தெருக்களில் சுரண்டப்பட்டவள். அவளுடைய மரணத்தை விசாரித்த நீதிபதி ஜான் கை 2008-இல் அறிக்கை தந்தார். தன் குறுகிய வாழ்நாளில் அவள் அறுபதுக்கும் மேற்பட்ட முறை இடம் மாற்றப்பட்டிருந்தாள். வினிப்பெக் அமைந்துள்ள மனிடோபா மாகாணம் பாலியல் சுரண்டலுக்கு எதிரான தன் திட்டத்துக்கு அவளுடைய பெயரையே வைத்தது. அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு, ஒரு கையெழுத்து, ஒரு காரணம் இருந்திருக்கும். எல்லாம் விதிப்படியே நடந்திருக்கும்.

ஏன் அதிகாரியிடம் சொல்வதில்லை

'ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காப்பாற்றியிருப்போமே' என்று புதிதாகப் பணிக்கு வருபவர்கள் சொல்வார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடக்கே உள்ள பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் நடந்ததை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டேவிட் ராம்சே அங்கே மாகாண நீதிமன்ற நீதிபதி. தன் முன் வழக்குகளில் நின்ற பூர்வகுடிச் சிறுமிகளையே அவர் விலை கொடுத்துப் பாலியல் ரீதியாகப் பயன்படுத்தினார், தாக்கினார். சிறுமிகளில் மிக இளையவருக்கு வயது 12. 2004-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏழு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தச் சிறுமிகளின் வாழ்க்கை விவரங்கள் கோப்பாக அவர் மேசைக்கு வந்தவை. எந்தப் பிள்ளைக்குக் கேட்க ஆளில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த நிலையில் அடையாள அட்டையைக் காட்டி 'என்னை நம்பு' என்று சொன்னால் பிள்ளை நம்பாது. நம்பாமல் இருப்பது அவளுடைய அனுபவம் தந்த அறிவு. அதே தெருவில் நின்று மீண்டு வந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நிலைமை வேறு. அவள் கேள்வி கேட்க வேண்டியதில்லை. பிள்ளை எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்பது அவளுக்கே தெரியும்.

ஸ்டாக்ஹோமிலிருந்து விக்டோரியா

1996 ஆகஸ்டில் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில், குழந்தைகளைப் பாலியல் வணிகத்தில் சுரண்டுவதற்கு எதிரான முதல் உலக மாநாடு நடந்தது. 122 நாடுகளின் அரசுகள் செயல்திட்டம் ஒன்றை ஏற்றன. கிங்ஸ்லியும் பியர்சனும் அங்கே போயிருந்தார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் சுரண்டலை அனுபவித்த இளையோர் மிகச் சிலரே இருந்தார்கள். விக்டோரியா மாநாட்டுக்கான எண்ணம் அந்தக் குறையிலிருந்து பிறந்தது.

விக்டோரியாவில் இளையோர் எழுதிய பிரகடனம் நீளமானது அல்ல. பாலியல் வணிகத்தில் சிக்கிய பிள்ளைகளை விபசாரிகள் என்று இனி யாரும் குறிக்கக்கூடாது, அவர்கள் சுரண்டப்பட்டவர்கள் என்றது. இது குழந்தை மீதான கொடுமை, அடிமைத்தனம் என்றது. சட்டம் பிள்ளைகளைத் தண்டிக்காமல் காக்க வேண்டும் என்றது. எல்லாவற்றுக்கும் அடிப்படையாக, சுரண்டப்பட்ட இளையோரின் குரலும் அனுபவமும் தீர்வுகளை உருவாக்குவதிலும் நடைமுறைப்படுத்துவதிலும் மையமாக இருக்க வேண்டும் என்றது.

கடைசிக் கோரிக்கை எளிதாகக் காதில் நுழைந்து எளிதாக வெளியே போய்விடக்கூடியது. இளையோரை மேடையில் ஏற்றிப் பேசவைத்துக் கைதட்டிவிட்டு அனுப்புவதையே பல அமைப்புகள் பங்கேற்பு என்று எடுத்துக்கொண்டன. அந்த இளையோர் கேட்டது அதுவல்ல. திட்டம் எழுதும் மேசையிலும், சேவை தரும் பணியிடத்திலும், பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்கும் இடத்திலும் தாங்கள் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

22 சமூகங்களில் 150 பேர்

அடுத்து கிங்ஸ்லி செய்ததையே இந்த நிகழ்வின் முக்கியமான பகுதியாக நான் கருதுகிறேன். சேவ் தி சில்ட்ரன் என்ற குழந்தைகள் நல அமைப்பின் கனடா பிரிவுக்காக அவரும் மெலனி மார்க் என்ற இளம் பூர்வகுடிப் பெண்ணும் நாடு முழுவதும் 22 சமூகங்களுக்குப் போனார்கள். சுரண்டலை அனுபவித்த 150-க்கும் மேற்பட்ட பூர்வகுடி இளையோரைச் சந்தித்துப் பேசினார்கள். 'சேக்ரட் லைவ்ஸ்' (புனித உயிர்கள்) என்ற தலைப்பில் 2000-இல் அறிக்கை வந்தது.

அறிக்கையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் தகவல் ஒன்று உண்டு. சில ஊர்களில் பூர்வகுடிகள் மக்கள்தொகையில் பத்து சதவீதம்கூட இல்லை. ஆனால் அங்கே வெளியே தெரியும் பாலியல் வணிகத்தில் இருப்பவர்களில் பூர்வகுடிப் பிள்ளைகளும் இளையோரும் 90 சதவீதத்துக்கு மேல். 'வெளியே தெரியும்' என்ற அளவுகோலைக் கவனிக்க வேண்டும். தெருவில் நிற்பது இந்த வணிகத்தின் மிக ஆபத்தான அடுக்கு. குளிர், கத்தி, போலீஸ், வாடிக்கையாளன் என எல்லா ஆபத்தும் நேராக வந்து மோதும் இடம் அது. பூர்வகுடிப் பிள்ளைகள் தள்ளப்பட்டது அங்கே.

பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்பதற்குக் குறைவான கவனமே கிடைத்தது. அவர்கள் கேட்டவை நடைமுறைக்குரியவை. இரவு எந்நேரமும் திறந்திருக்கும் பாதுகாப்பான இடம். சோறு, துணி, படுக்கை. தங்கள் மக்களின் சடங்கும் மூத்தோரும். தாங்கள் கடந்து வந்ததைக் கடந்து வந்த பணியாளர்கள். இவற்றை ஓர் ஆய்வாளர் கேள்வித்தாளோடு போய்க் கேட்டிருந்தால் இதே விடைகள் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். கேட்டவர்கள் யார் என்பதால்தான் பிள்ளைகள் வாய் திறந்தார்கள்.

மெலனி மார்க் 2016 இடைத்தேர்தலில் பிரிட்டிஷ் கொலம்பியா சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அந்த அவையில் அமர்ந்த முதல் 'முதற்குடி' (பூர்வகுடிகளில் ஒரு பெரும் பிரிவு) இனப் பெண் அவர். மறு ஆண்டே அமைச்சரானார். இளம் வயதில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளின் சொல்லைக் கேட்ட ஒருவர் அமைச்சரவை மேசை வரைக்கும் போனது சாதாரண விஷயமல்ல.

குணமாவது என்றால்

மருத்துவமனை நோக்கில், குணமாவது முதலில் நடக்க வேண்டும், வேலை அதற்குப் பிறகு. சிகிச்சை முடிந்தது என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேலைக்கு வர வேண்டும். கிங்ஸ்லியின் பாதை அப்படி இல்லை. பராமரிப்பில் வளர்ந்த இளையோரின் தேசிய அமைப்பில் அவர் ஈடுபட்டார். தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து நின்றார். அங்கிருந்து ஸ்டாக்ஹோம், அங்கிருந்து விக்டோரியா. மீள்வதும் பணி செய்வதும் அவருக்கு ஒன்றோடு ஒன்று பின்னி நடந்தன என்றே நான் வாசிக்கிறேன்.

பூர்வகுடிச் சமூகங்கள் நடத்தும் அமைப்புகளைப் பார்த்தால் இதன் காரணம் புரியும். அங்கே காயம் என்பது தனி ஆளுக்குள் இருக்கும் கோளாறாக மட்டும் பார்க்கப்படுவதில்லை. உறவு அறுந்ததே காயம். அதனால் மருந்தும் உறவைத் திரும்பக் கட்டுவதே. வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பேச மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கிறார்கள். சேஜ் என்ற மூலிகையின் இலையைக் கொளுத்திப் புகையால் உடலைத் தடவிக்கொள்கிறார்கள். சூடேற்றிய கற்களில் நீர் ஊற்றும் வியர்வைக் குடிலில் மூத்தோர் வழிநடத்த இருட்டில் அமர்ந்து பிரார்த்திக்கிறார்கள். பூர்வகுடிச் சடங்குகள் பலவற்றைக் கனடா அரசு ஒரு காலத்தில் சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. பாட்டியின் தலைமுறைக்குத் தடுக்கப்பட்ட சடங்கில் பேத்தி போய் உட்காருவது தனக்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கே விடையாகிறது.

வினிப்பெக்கில் 1984 முதல் இயங்கும் மா மாவி வி சி இடாட்டா மையம், சுரண்டப்பட்ட 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நகருக்கு வெளியே ஆறு படுக்கைகள் கொண்ட ஓர் இல்லத்தை நடத்துகிறது. ஆறே ஆறு. நகரிலிருந்து தொலைவு என்பதால் தரகர்களால் எளிதில் வந்து சேர முடியாது. சிறியது என்பதால் வீடு போல இருக்கும்.

இப்படிப்பட்ட இல்லத்திலிருந்தும் பிள்ளைகள் ஓடுவார்கள். தரகனிடமே திரும்பிப் போவார்கள். அடித்தவன் மீதே ஏற்படும் பிணைப்பு, தெரிந்த ஆபத்து தெரியாத பாதுகாப்பைவிடப் பழகியது என்ற உணர்வு, மிச்சமிருக்கும் கடன் மிரட்டல் எல்லாம் சேர்ந்து இழுக்கும். ஓடிய பிள்ளையின் படுக்கையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால் அவள் நம்பியிருந்தது பொய்யாகிவிடும். மீண்டு வந்த பணியாளருக்கு இது தெரியும். அவரே எத்தனையோ முறை திரும்பிப் போனவராக இருப்பார். அதனால் படுக்கையை வைத்திருப்பார், திரும்பி வந்தவளிடம் முதலில் 'சாப்பிட்டாயா' என்று கேட்பார்.

ஆல்பர்ட்டா மாகாணம் எதிர்த் திசையில் போனது. 1999-இல் அமலுக்கு வந்த அதன் சட்டப்படி, இப்படிச் சிக்கிய பிள்ளையைப் போலீஸோ நலத் துறையோ பிடித்து மூன்று நாட்கள் வரை பூட்டிய இல்லத்தில் வைக்கலாம். பிறகு அது ஐந்து நாட்களாக நீட்டப்பட்டது. உயிராபத்தில் இருக்கும் பிள்ளையை எப்படியாவது நிறுத்தி வைக்க வேண்டும் என்ற பெற்றோரின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த வழியை என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்களால் அடைத்து வைக்கப்பட்ட பிள்ளைக்கு அரசும் பூட்டையே காட்டினால், அடுத்த முறை அவள் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்வாள்.

மீண்டவர் வேலைக்கு வரும்போது

மீண்டவர்களைப் பணியில் அமர்த்துவது பற்றிப் பேசும்போது அதன் சுமையையும் பேச வேண்டும். தினமும் தன் கதையைப் போன்ற கதையைக் கேட்பது லேசான காரியமல்ல. தான் நின்ற அதே தெருமுனைக்கு இரவு ரோந்து போக வேண்டியிருக்கும். பழைய தரகன் எதிரே வரலாம். பிள்ளை இறந்துபோகலாம். 2014 ஆகஸ்டில் 15 வயது டினா ஃபான்டெய்னின் உடல் வினிப்பெக்கின் சிவப்பாற்றிலிருந்து எடுக்கப்பட்டபோது அந்த நகரத்தின் பணியாளர்கள் பலர் நொறுங்கிப் போனார்கள். அவளும் அரசுப் பராமரிப்பில் இருந்தவள், ஒரு ஓட்டலில் தங்கவைக்கப்பட்டிருந்தவள். இந்தச் சுமையைத் தாங்க மேற்பார்வை, ஓய்வு, ஆலோசனை, சரியான சம்பளம் நான்கும் வேண்டும். பல இடங்களில் மீண்டவருக்குக் கிடைப்பது தற்காலிக வேலையும் ஒரு மதிப்பூதியமும்தான்.

இன்னொரு தடை குற்றப் பதிவு. சுரண்டப்பட்ட காலத்தில் போட்ட வழக்குகள் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குழந்தைகளோடு வேலை செய்யப் போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம். எந்த அனுபவத்துக்காக அவரை வேலைக்கு எடுக்க விரும்புகிறோமோ அந்த அனுபவமே விண்ணப்பத்தைத் தள்ளிவிடுகிறது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றதும் அப்படித்தான். வினிப்பெக்கில் பூர்வகுடி இளையோருக்கான ந்டினாவே அமைப்பு, ரெட் ரிவர் கல்லூரியோடு சேர்ந்து, மீண்டவர்களுக்காகவே குழந்தை, இளையோர் பராமரிப்புப் பயிற்சி வகுப்பை நடத்தியது. பாடத்தோடு கூட ஆலோசனையும் மூத்தோரின் துணையும் இருந்தன. விக்டோரியாவில் இளையோர் கேட்டது செயலாகும்போது எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு இது.

மேடைப் பேச்சு பற்றியும் ஒரு வார்த்தை. மீண்டவரை அழைக்கும் பல அமைப்புகள் அவரிடம் எதிர்பார்ப்பது மிக மோசமான இரவின் விவரங்களை. கேட்பவர்கள் கண்கலங்குவார்கள், பணம் திரளும். பேசியவர் தங்கும் அறைக்குத் திரும்பித் தூக்கமில்லாமல் கிடப்பார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அவரை அழைத்தால், எந்தத் திட்டம் வேலை செய்கிறது, எது செய்யவில்லை, பணத்தை எங்கே வைக்க வேண்டும் என்று கேளுங்கள். அவருக்குத் தெரியும்.

சட்டமும் பணமும்

சட்டத்தின் பக்கம் மாற்றம் வந்திருக்கிறது. ஆட்கடத்தல் 2005-இல் கனடாவின் குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்ந்தது. 18 வயதுக்குட்பட்டவரைக் கடத்தினால் குறைந்தது ஐந்து ஆண்டுத் தண்டனை என்று 2010-இல் திருத்தம் வந்தது. 2014-இல் பாலியல் சேவையை விலை கொடுத்து வாங்குவதே குற்றமாக்கப்பட்டது. இந்தக் கடைசிச் சட்டம் பற்றி மீண்டவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வாங்குபவனைத் தண்டிப்பதே நியாயம் என்பவர்களும் உண்டு, அது பெண்களை மேலும் இருட்டான மூலைக்குத் தள்ளுகிறது என்பவர்களும் உண்டு. குழந்தைகள் விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

பணத்தின் கதை வேறு. திட்டங்கள் ஓராண்டு, ஈராண்டு மானியத்தில் ஓடுகின்றன. மானியம் முடிந்தால் பணியாளர் போய்விடுவார். பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து காணாமல் போன பெரியவர்களின் வரிசையில் அவரும் சேர்ந்துவிடுகிறார்.

காணாமல்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்கள், சிறுமிகள் குறித்த தேசிய விசாரணை 2019 ஜூன் 3 அன்று இறுதி அறிக்கையை வெளியிட்டது. 231 கோரிக்கைகள். அவற்றில் 4.3 எண்ணுள்ள கோரிக்கை, பாலியல் தொழிலில் உள்ள பூர்வகுடிப் பெண்கள், சிறுமிகள், பால் புதுமையர் (மாற்றுப் பாலினத்தவர், தன்பால் ஈர்ப்பாளர் உள்ளிட்டோர்) ஆகியோருக்கான சேவைகளை அந்த அனுபவம் உள்ளவர்களோடு சேர்ந்தே வடிவமைத்து நடத்த வேண்டும், அதற்கு நிலையான நீண்டகால நிதி வேண்டும் என்கிறது. விக்டோரியாவில் பிரகடனம் எழுதிய இளையோர் இதைக் கேட்டு அப்போது 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று பதினைந்து வயதில் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு 2019-இல் வயது 36. அவளுக்கு மகள் இருந்தால் அந்த மகளுக்கும் இதே சேவை தேவைப்பட்டிருக்கக்கூடும்.